பெட்டி மலையேறியது, பேர் ஏறவில்லை

தேர்தல் வந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு ஒரு படம் வேண்டும். மலைக்கிராமத்துக்குக் குதிரை மேல் வாக்குப்பெட்டி ஏறுகிற படம். கீழே ‘ஜனநாயகத் திருவிழா’ என்று ஒரு வரி. குரங்கணி மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு இந்தத் திருவிழா எழுத்தோடு ஒரு தகராறு உண்டு.

இதன் மூலக்கதை 1951-52 முதல் பொதுத்தேர்தல். சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆளுக்கொரு சின்னம், சின்னத்துக்கு ஒரு பெட்டி. பெருமைதான், மறுக்கவில்லை. பெரு நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத கெச்சுவா, ஐமாரா மக்கள் 1980 தேர்தலில்தான் ஓட்டுப் போட முடிந்தது. நம் சனம் 28 வருசம் முந்தியே போட்டுவிட்டது. ஆனால் இந்த எழுத்து ஓட்டை எண்ணுகிறதே தவிர, யார் பேர் எங்கே ஏறியது என்று பார்ப்பதில்லை. தன் பேரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று சொன்ன சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். திருவிழாவில் அது அடிக்குறிப்பு.

ஏலக்காட்டில் பழம் எடுத்த என் அப்பத்தா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவள். “கங்காணி ரெட்டக்காளப் பெட்டியக் காட்டுனாரு, போட்டுட்டு வந்துட்டேன்” என்பாள். நிக்கிறது யாருன்னு கேக்கலியா என்றேன். “நம்மாளா நிக்கிறான், கேக்குறதுக்கு?” என்றாள்.

நம்மாளும் நின்றார். சட்ட வரைவுக்குழுவின் தலைவரான அண்ணல் அம்பேத்கர், பம்பாய் நகர வடக்கு இரட்டை உறுப்பினர் தொகுதியின் தனி இடத்துக்கு, பட்டியல் சாதியார் கூட்டமைப்பின் யானைச் சின்னத்தில் நின்றார். காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் 14,000 ஓட்டுக்கு மேல் பின்தங்கித் தோற்றார். காங்கிரஸ் அலை, கம்யூனிஸ்டுகளின் எதிர்ப்பு என்று காரணங்கள் பல. ‘ஜெயித்தவரும் தலித்துதானே’ என்பார்கள். உண்மை. ஆனால் அந்தத் தனி இடத்துக்கு யார் என்பதைத் தீர்மானித்தது சேரி மட்டுமல்ல, ஊரும் சேர்ந்துதான். ஊர் ஓட்டு எப்போதும் அதிகம். 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியைப் பறிகொடுத்ததன் பொருள் இதுதான். இடம் நமக்கு, ஆளைப் பொறுக்குவது அவர்கள்.

அதற்கும் சம்மதிக்காத ஊர்கள் இருந்தன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்து வருசம் தலித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. 2006இல்தான் முடிந்தது. மேலவளவில் பெட்டியைப் பறித்தார்கள். அதையும் மீறி ஜெயித்த முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேர். ஓட்டுப் போட்டதற்காக அல்ல, பேர் ஏறியதற்காக.

தோழர்களே, 1952இல் ஓட்டுப் போட்டவர்களில் மிஞ்சியிருப்பது சொற்பம் பேர். எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல் வயசு. யார் ஜெயித்தார் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். எந்தப் பெட்டியை யார் காட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். கங்காணி இல்லாத தேர்தல் வரலாறு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.