ஃபேனை நிறுத்துங்கள்

போன மே மாதம் முழுக்க மதுரையில் ஒரு கண் தான அறக்கட்டளையில் எழுத்து வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் பஸ் காசும் உண்டு. இருபது வயதில் இப்படியொரு மாதம் எனக்கு வாய்த்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷம்!

முதல் வேலை, கண் தானம் பற்றி ஒரு நோட்டீஸ். படிப்பது தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. ஈகை, ஒளி, இருள் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். துக்க வீட்டில் போய் உட்கார்ந்து சம்மதம் கேட்கிற ஆலோசகர் அக்கா, முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஒருத்தர் இதைத் தேடி எடுக்கிறப்போ, நடுவீட்டுல அவங்க அப்பா கிடப்பாரு. அப்ப என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

அன்று மாலை வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். இமைகளை மூடுங்கள். மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். உடனே போன் செய்யுங்கள், 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். 'மின்விசிறி' என்று எழுதியிருந்ததை அக்கா அடித்துவிட்டு 'ஃபேன்' என்று போட்டார். காற்றுப் பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். அதனால்தான் 'ஃபேனை நிறுத்துங்கள்' என்ற வரி. நன்னூலில் படித்த ஏவல் வினைமுற்றுக்கு இத்தனை வலுவா! சிலிர்த்துப்போனேன்.

அப்புறம் போனில் வரும் கேள்விகளைக் குறித்து வைத்தேன். சர்க்கரை இருக்கே, எடுப்பாங்களா? கண்புரை ஆபரேஷன் ஆயிடுச்சே? முகம் விகாரமாயிருமா? மூன்றும் அப்படியே நோட்டீஸில் தலைப்புகள் ஆயின. சர்க்கரையோ, கண்ணாடியோ, புரை ஆபரேஷனோ தடை இல்லை, முகமும் மாறாது.

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அவர் ஆபரேஷன் செய்த கதையை டீ நேரத்தில் அக்கா சொல்லச் சொல்ல, திரும்பவும் பேனாவை எடுக்கத் தோன்றும்.

கடைசி வாரம் ஒரு காலையில் போனை நான் எடுத்தேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமம். அழுது ஓய்ந்த பெண் குரல்.

"பஞ்சு வெச்சுட்டோம். ஃபேனையும் நிறுத்திட்டோம். வாங்க."

முகவரியை எழுதும்போது கை நடுங்கியது. அன்று அந்த வீட்டிலிருந்து இரண்டு கருவிழிகள் வந்தன.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். பதிவு அட்டை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் சொல்லி வையுங்கள். போன் செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான்.