முகமும் வயலும்

மனித முகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மரத்தையும் மலையையும் தேடிப் போனால், "மனுஷர்கள் அலுத்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். ஸெபஸ்தியாவோ ஸல்காதோவுக்கு நேர்ந்தது அலுப்பு அல்ல, அடி. பிரேஸில்காரர், பொருளாதாரம் படித்தவர். 1986இல் ஸெர்ரா பெலாதா தங்கச் சுரங்கத்தில், உடம்பெல்லாம் சேறு அப்பி, மண் மூட்டையோடு ஏணியேறிய கூலிகளை எடுத்த படங்களால் உலகப் பேர் பெற்றார். 1994இல் ருவாண்டாவின் பிணக்குவியல்களைப் பார்த்த பிறகு மனிதன் மேலிருந்த நம்பிக்கையே போய்விட்டது, உடம்பும் படுத்துவிட்டது. ஊருக்குத் திரும்பினால், அப்பாவின் பண்ணையும் மொட்டையாய்க் கிடந்தது. மனைவி லெலியாவின் யோசனைப்படி 1998 முதல் அங்கே மரம் வைத்தார்கள். 20 லட்சத்துக்கு மேல்! அந்தப் பச்சையைப் பார்த்த தெம்பில் பிறந்ததுதான், 2013இல் வெளிவந்த 'ஜெனிஸிஸ்' படப் புத்தகம்.

ஒரு மரக்கால் நெல் கனமிருக்கும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் புரட்டினேன். கலாபகோஸ் தீவின் உடும்புக் கால் ஒன்று, இரும்புக் கவசம் பூட்டிய போர்வீரனின் கை மாதிரியே இருக்கிறது. கூலியின் முகத்தைப் பார்த்த அதே கண் உடும்பையும் பார்க்கிறது. இந்த ஒரு படத்துக்காக அவர் செய்த பிரயாணங்கள் அத்தனையும் தகும். ஆனால் பனிமலைகள் வரிசையாக வந்தபோது எனக்கு மனசு ஒட்டவில்லை. ரொம்ப அழகு, அழகைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. ஆதிவாசிகளும் வருகிறார்கள், அவர்களையும் மலையோடு மலையாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. தன் கையால் காடு வளர்த்தவர், கை படாத காட்டைத் தேடி உலகம் சுற்றியது விசித்திரம்தான்.

காவிரிக்கரைக்காரனுக்கு இது லேசில் பிடிபடாது. கல்லணையிலிருந்து கடைசிக் கன்னி வாய்க்கால் வரை எங்கள் சீமையில் எல்லாம் கை பட்டதுதான். மேட்டூர்த் தண்ணீர் வந்து வடுவூர் ஏரி நிறைய வேண்டும். அப்புறம்தான் நாரைகள் இறங்கும். ஆனால் சர்வதேசப் புகைப்படப் போட்டிகளில் 'இயற்கை' என்ற பிரிவுக்கு மனித அடையாளம் பொதுவாக ஆகாது. அங்கே எங்கள் கொக்குக்கு இடம் கிடைப்பது சந்தேகமே. 1932இல் தஞ்சாவூரில் பிறந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாளும் பெங்களூரில் குடியேறி, காடுகளில் காத்துக் கிடந்துதான் பேர் வாங்கினார். குறை சொல்லவில்லை, அவர் பொறுமை யாருக்கு வரும்?

இப்போது டிராக்டர் சேற்றைப் புரட்டும்போதும் பின்னாலேயே கொக்குகள் வந்து இறங்குகின்றன. ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஸல்காதோ 2025 மே மாதம் போய்விட்டார். அந்த முகத்தையும் கொக்கையும் ஒரே படத்தில் அடக்க அவரால் முடிந்திருக்கும்.