'மின்மினிகளின் கல்லறை': எஞ்சியவனின் குற்றவுணர்வும் கையறுநிலையும்

முன்னுரை

பேரழிவில் உடன்பிறப்பை இழந்து தான் மட்டும் உயிர்பிழைத்தவரின் துயர், இறந்தவரை எண்ணி வருந்துவதோடு அமைவதில்லை. எஞ்சியதே குற்றம் என்னும் உணர்வாகவும் அது திரிகிறது. ஜப்பானிய எழுத்தாளர் நொசாகா அகியுகி (1930-2015) 1967இல் வெளியிட்ட 'மின்மினிகளின் கல்லறை' என்னும் சிறுகதை இவ்வுணர்வை எவ்வாறு புனைவாக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையமைப்பு

1945 ஜூனில் கோபே நகரின்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் தாயை இழந்த 14 வயதுச் செய்தா, 4 வயதுத் தங்கை செட்சுகோவுடன் உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுகிறான். அங்குக் கேட்ட கடுஞ்சொல்லைப் பொறாது இருவரும் பதுங்குகுழி ஒன்றில் தனித்து வாழ்கின்றனர். போர் முடிந்த சில நாள்களில் தங்கை ஊட்டமின்றி இறக்கிறாள். அடுத்த மாதம் சன்னோமியா தொடர்வண்டி நிலையத்தில் அண்ணனும் இறக்கிறான். கதை தொடங்குவதோ இவ்விறுதியிலிருந்துதான். அவனிடமிருந்த மிட்டாய்த் தகரப்பெட்டியை நிலையப் பணியாளர் வீசியெறிய, அதிலிருந்து தங்கையின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. செய்தாவின் குற்றவுணர்வு வாய்மொழியாக வெளிப்படுவதில்லை. இறுதிவரை அவன் கைவிடாத அப்பெட்டியே அதனை உணர்த்துகிறது.

ஆசிரியரும் பாத்திரமும்

நொசாகாவும் 14 வயதில் கோபே குண்டுவீச்சுக்கு உள்ளானவர். அவருடைய தங்கை இரண்டு வயது நிரம்பும் முன்னரே பட்டினியால் இறந்தாள். கதையில் வரும் அண்ணனைப்போலத் தாம் அன்பாக நடந்துகொள்ளவில்லை என்றும், தங்கைக்குரிய உணவையும் தாமே உண்டதுண்டு என்றும் அவர் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். ஆகவே, வாழ்வுக்கும் புனைவுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு கருதத்தக்கவை. தாம் காட்டத் தவறிய பரிவை ஆசிரியர் செய்தாவுக்கு அளித்தார். தாம் தப்பிய சாவையும் அவனுக்கே அளித்தார். முன்னது ஏக்கம், பின்னது தண்டனை. இக்கதையைப் போரெதிர்ப்புப் படைப்பாக மட்டும் கொள்ளும் வாசிப்பில் இவ்விரண்டாம் கூறு மறைந்துவிடுகிறது.

கையறுநிலை நோக்கு

இறந்தோரைக் குறித்து எஞ்சியோர் புலம்புவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கையறுநிலை என்கிறது. புலம்புவதற்கு ஒருவர் எஞ்சியிருத்தல் அத்துறையின் அடிப்படை. நொசாகாவின் கதையில் புலம்பவேண்டிய அண்ணனும் மாண்டுவிடுவதால் புலம்பும் பொறுப்பு கதைகூறும் குரலைச் சேர்கிறது. தகஹாட்டா இசாவோ இயக்கிய இயங்குபடம் (1988) இறந்த செய்தாவின் ஆவியையே பேசவைக்கிறது. தன் கடந்தகாலத்தை அவன் விலகிநின்று காண்கிறான். உயிருடன் சொல்லவியலாததை இறந்தபின்னரே அவனால் சொல்ல முடிகிறது.

முடிவுரை

துயரிலிருந்து மீளும் வழி எதனையும் இக்கதை காட்டவில்லை. மீள்வதற்குரிய எதிர்காலத்தைப் பாத்திரத்துக்கு மறுப்பதன்வழி, எஞ்சியவரின் குற்றவுணர்வை அது தீர்க்காமல் வைத்திருக்கிறது. செய்தா இறந்தான், அவனைப் படைத்தவர் அதன்பின் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தார். உண்மையில் எஞ்சியவர் கதைக்கு வெளியே இருந்தார் என்பதே இப்புனைவின் ஆழ்ந்த துயரம்.