மனுதாரர் அரக்கனாகும் விதம்: ‘2.0’ பற்றி ஒரு சிறுபான்மை அபிப்பிராயம்

ஷங்கரின் ‘2.0’ (2018) ஒரு சுற்றுச்சூழல் படம் என்று நண்பர்கள் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெகுசனப் படங்கள் எதையும் லேசில் விடாத தோழர்கள்கூட, “வியாபாரப் படந்தான், இருந்தாலும் பறவைகளைப் பத்திப் பேசுதே” என்று இதற்கு மட்டும் சலுகை தருகிறார்கள். என் வாசிப்பு இதற்கு நேர் எதிர். தமிழில் வந்த அதிநாயகப் படங்களில் மனு கொடுக்கிற குடிமகன் மேல் இவ்வளவு பகை கொண்ட பிரதி வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. ரசிகர்கள் அடிப்பது எனக்குப் புரிகிறது. தோழர்கள் அடிப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

கதையாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பட்சிராஜன் வயதான பறவையியலாளர். செல்போன் கோபுரங்களின் அலைவீச்சால் பறவைகள் சாகின்றன என்று நம்புகிறார். அதற்காக அவர் செய்வதெல்லாம் நாமும் செய்கிறவைதான்: கம்பெனியிடம் போகிறார், அதிகாரியிடம் போகிறார், கோர்ட்டுக்குப் போகிறார், தெருவில் நின்று சனங்களிடம் பேசுகிறார். எதுவும் நடக்கவில்லை. ஒரு கோபுரத்திலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறார். வசனத்தில் ஜெயமோகனும் பங்கெடுத்த இப்படத்தில் நன்றாக எழுதப்பட்ட பகுதி இந்தப் பின்கதைதான். ஆனால் அது நமக்குச் சொல்லப்படும்போது பட்சிராஜன் ஏற்கெனவே கொலைகாரப் பேயாகிவிட்டார். மனுதாரராக அவர் இருந்த காலம் அரக்கனின் ஜாதகமாக மட்டுமே பிரதிக்குள் வருகிறது.

அவரை அடக்க அரசு யாரைக் கூப்பிடுகிறது? சிட்டியை. ‘எந்திரன்’ (2010) முடிவில் கோர்ட் உத்தரவுப்படி கழற்றிப்போடப்பட்ட ரோபோ அது. கழற்றப்பட்டதற்குக் காரணம், அது போலீஸ்காரர்களையும் பொதுமக்களையும் கொன்று குவித்தது. அந்தத் தீர்ப்பை அரசே ஓரங்கட்டி, ரோபோவை மறுபடி பூட்டுகிறது. பழைய கொலைகார வடிவம் திரும்பி வரும்போதுதான் தியேட்டரில் விசில் பறக்கிறது. ஒரே படத்தில் இரண்டு கொலைகாரர்கள். ஒருவர் அரசிடம் முறையிட்டுத் தோற்றவர், இன்னொன்று அரசின் கைக்கருவி. யாருக்கு மன்னிப்பு என்பதில் பிரதிக்குத் தயக்கமே இல்லை. சண்டையின் கடைசியில் குட்டி ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன, பறவைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டித்தான் பட்சிராஜன் பலவீனமாக்கப்படுகிறார். பறவைகளைப் பணயம் வைத்து ஜெயிப்பவன் கதாநாயகனாக இருக்கும் படத்தைப் பறவைகளுக்கான படம் என்று எப்படி ஒத்துக்கொள்வது? எல்லாம் முடிந்தபின் வசீகரன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி மந்திரியிடம், பட்சிராஜன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அலைவீச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார். மனு ஏற்கப்பட்டுவிட்டது, மனுதாரர் தூள்தூளான பிறகு, ஒரு விஞ்ஞானியின் சிபாரிசாக.

ஷங்கரின் முந்தைய படங்களோடு சேர்த்துப் பார்த்தால் இந்த நகர்வு தெளிவாகும். ‘ஜென்டில்மேன்’ (1993), ‘இந்தியன்’ (1996), ‘அந்நியன்’ (2005) மூன்றிலும் அமைப்பால் ஏமாற்றப்பட்டவன் சட்டத்தை மீறுகிறான், அவனே நாயகன். அவற்றின் தூய்மைவாத அரசியலை நாம் நிறைய விமர்சித்தாயிற்று. ‘2.0’இல் அதே ஆள், அதே கோபத்தோடு வந்து, வில்லன் நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறார். நாயகன் நாற்காலி அரசாங்கத்தின் எந்திரத்துக்குப் போய்விட்டது. இரண்டு காலத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பத்துப் பேர் சேர்ந்து சங்கம் கட்டுவது, போராடுவது, ஜெயிப்பது என்பது இந்தக் கதையாடலின் கற்பனைக்குள் வருவதே கிடையாது. ஒரு தனிமனிதனின் கத்தி, அல்லது ஒரு எந்திரம். நடுவில் சனங்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

படம் வந்தது 2018 நவம்பர் 29. அதே வருஷம் மே 22 அன்று தூத்துக்குடியில், ஸ்டெர்லைட்டை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாளில், சனங்கள் ஊர்வலமாகப் போனது கலெக்டர் ஆபீசுக்கு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். சில நாட்களில் அங்கே போய்வந்த ரஜினிகாந்த், போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடே சுடுகாடாகிவிடும் என்ற பொருளில் பேசினார். படம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டது, தெரியும். தூத்துக்குடியை மனதில் வைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்தவன் நோக்கத்தோடு பிரதி முடிந்துபோவதில்லை. நியாயமான புகாரோடு வருகிறவனுக்குள் ஏதோ ஒரு துஷ்டசக்தி புகுந்திருக்கிறது, ஆகவே அவனை முதலில் அடக்கிவிட்டுப் புகாரைப் பிறகு பார்க்கலாம் என்ற சொல்லாடல் அந்த வருஷம் மேடையிலும் இருந்தது, திரையிலும் இருந்தது. இரண்டிலும் ஒரே முகம் இருந்தது. அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022இல் சட்டசபைக்கு வந்து துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தபோது, அந்தப் பேச்சை எத்தனை பேர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்?

“சனங்க ரசிக்கிறாங்க, நீ யாரு கேக்க?” என்பது வழக்கமான மறுப்பு. லேசாகத் தள்ளக்கூடிய மறுப்பும் அல்ல. எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல், ஒடுக்கப்பட்டவர்களின் சம்மதம் திரையில் எப்படி உற்பத்தியாகிறது என்று காட்டியது. அதை மேலோட்டமாகப் படித்தவர்கள் பார்வையாளரை வெறும் ஏமாளியாக்கிவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ‘பாகுபலி’யின் (2015) தமிழ் வசனத்தில் ‘பகடை’ என்ற சொல் இழிவாக வந்தபோது அருந்ததியர் அமைப்புகள் எதிர்த்தன, வசனம் எழுதிய மதன் கார்க்கி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஊரே பிரம்மாண்டம், பிரம்மாண்டம் என்று வாய்பிளந்த நேரத்தில் ஒரு சொல் யார் மேல் விழுகிறது என்று கவனித்தவர்களும் பார்வையாளர்கள்தான். ‘2.0’ விஷயத்தில் இந்தக் கவனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? செல்போன் கம்பெனிகளின் சங்கத்திடமிருந்து! படம் செல்போனை அவதூறு செய்கிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தார்கள். பட்சிராஜனின் பக்கம் இருந்து ஒரு புகாரும் போனதாகத் தெரியவில்லை. நாம் ‘பசுமைப் படம்’ என்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இதைப் புதுப்பட்டினத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பட்சிராஜன் என்ற பேரைக் கேட்டால் பக்கத்துத் திருக்கழுக்குன்றம் ஞாபகம் வரும். அதற்குப் பட்சிதீர்த்தம் என்றும் பெயர். மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சோறு தின்றுவிட்டுப் போகும். மஞ்சள்முகப் பாறு என்ற இனம். தொண்ணூறுகளுக்குப் பிறகு வருவதில்லை. அதே காலத்தில்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன, சில இனங்கள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. காரணத்தை 2004இல் கண்டுபிடித்தார்கள்: மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து. செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளைக் கள்ளத்தனமாக மாட்டுக்குப் போட்டார்கள், ஆகவே 2015இல் 3 மில்லிக் குப்பிக்கு மேல் கூடாது என்றார்கள். மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. செத்த பறவையை அறுத்துப் பார்த்தவர்கள், மருந்துக்கடைகளில் கணக்கெடுத்தவர்கள், கோர்ட் படியேறியவர்கள், எல்லாருமே பட்சிராஜன்கள்தான். ஒருத்தரும் பேயாகவில்லை. பாறுகள் இன்னும் முழுசாக மீளவில்லை. ஆனாலும் மனு தோற்றே தீரும் என்று படம் விதியாக வைப்பது பொய் என்பதற்கு இது போதும்.

இன்னொன்று, ‘கதிர்வீச்சு’ என்ற சொல். செல்போன் கோபுரத்து மின்காந்த அலையும் அணு உலைக் கதிரும் ஒரே வகை அல்ல. பின்னது அணுவையே அயனியாக்கி உயிரணுவைச் சிதைக்கும் ஆற்றல் உள்ளது, முன்னதற்கு அது கிடையாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறோம். அந்தச் சொல்லின் பயம் முழுவதையும் படம் நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. கல்பாக்கம் டவுன்ஷிப் மதிலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொல் வேறு பொருளில் தேவைப்படுகிறது. 1962ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அணுநிலையத் தகவல்கள் வெளியே போகாமல் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இங்கே கேள்வி ஆவி பேய் பற்றியதல்ல, அளவுமானி யார் கையில் இருக்கிறது, அது காட்டும் எண்ணை யார் பார்க்கலாம் என்பதுதான்.

2003 ஜனவரி 21 அன்று இங்கே, எரிந்து முடிந்த அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலையில், வால்வு ஒன்று பழுதாகி ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஊழியர் சங்கம் கடிதம் கொடுத்தது, பிறகு வேலைநிறுத்தம் செய்தது. வெளியுலகுக்கு விஷயம் தெரிய அந்த வருஷத்தில் பாதிக்கு மேல் கழிய வேண்டியிருந்தது. இதில் வானத்தை மறைக்கிற பறவையும் இல்லை, சிவப்புச் சில்லு பொருத்திய ரோபோவும் இல்லை. கடிதத்தில் சங்கம் கேட்டவற்றில் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது. இந்தக் கோரிக்கையை ஒரு கதையாகச் சொல்லத் தெரியாத சினிமா, அதைக் கேட்பவனை அரக்கனாக்கிக் காட்டுகிறது. நாமும் முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குப் பசுமை என்று பேர் வைக்க வேண்டுமா?