ஜானியா, சாத்தானா? ஒரு பிடில் போட்டியைக் கேட்கும் விதம்

அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றாலே கிடார், கவ்பாய் தொப்பி, காதல் தோல்வி என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு முதலில் போட்டுக்காட்ட வேண்டிய பாட்டு, சார்லி டேனியல்ஸ் பேண்ட் 1979-இல் வெளியிட்ட ‘தி டெவில் வென்ட் டவுன் டு ஜார்ஜியா’. இதில் காதலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஏறக்குறைய மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு பந்தயம், இரண்டு வாசிப்பு, ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. எல்லா ரகப் பாட்டுகளும் மோதிக்கொள்ளும் பொதுப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. கிராமி விருதும் வாங்கியது.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. டேனியல்ஸ் சொல்லும் வேகத்துக்கு, அதுவும் அந்தத் தென்மாநில உச்சரிப்பில், காது பழகச் சற்று நேரமாகும். ஆன்மா பிடிக்கும் தொழிலில் கணக்கு குறைந்துபோன சாத்தான் ஜார்ஜியா மாநிலத்துக்கு வருகிறான். அங்கே ஜானி என்றொரு பையன் பிடிலை வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். வா, வாசித்துப் பார்க்கலாம் என்கிறான் சாத்தான். ஜெயித்தால் ஜானிக்குத் தங்கப் பிடில், தோற்றால் அவன் ஆன்மா சாத்தானுக்கு. இது பாவமாகக்கூட இருக்கலாம் என்று பையனுக்குத் தெரிகிறது. தெரிந்தே ஒப்புக்கொள்கிறான். தன்னை மிஞ்ச ஆளே பிறக்கவில்லை என்று மார்தட்டவும் செய்கிறான்.

பிடிலுக்கும் சாத்தானுக்கும் அந்த ஊரில் பழைய சகவாசம். கூத்தும் குடியுமாகப் போகும் ராத்திரி நடனங்களுக்கு வாசிக்கும் வாத்தியம் என்பதால், தேவாலய பக்தர்கள் பலர் அதைச் சாத்தானின் பெட்டி என்றே திட்டிவந்தார்கள். ஸ்டீபன் வின்சென்ட் பெனே 1925-இல் எழுதிய ‘தி மவுன்டன் விப்பூர்வில்’ என்ற கவிதையும் ஜார்ஜியாவில் நடக்கும் ஒரு பிடில் போட்டியைப் பற்றியதுதான். பொறி அங்கிருந்து தட்டியிருக்கலாம் என்று டேனியல்ஸே சொல்லியிருக்கிறார். பாட்டு பிறந்த விதம் ஒன்றும் காவியமல்ல. ‘மில்லியன் மைல் ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ ஆல்பத்துக்கான பதிவு நடக்கும்போதுதான் பிடில் பாட்டு ஒன்றுகூட இல்லை என்று உறைத்திருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு குழுவினர் உட்கார்ந்து இதை எழுதினார்கள்.

கேட்க ஆரம்பித்ததும் மெட்டு எங்கே என்று தேடாதீர்கள். கதைப் பகுதியை டேனியல்ஸ் பாடுவதில்லை, தாளத்தில் பேசுகிறார். சொற்கள் எங்கே தாளத்தோடு ஒட்டி விழுகின்றன, எங்கே அரை மாத்திரை முந்துகின்றன என்பதில்தான் ருசி இருக்கிறது. பின்னால் ஒருவரல்ல, ஃப்ரெட் எட்வர்ட்ஸ், ஜேம்ஸ் மார்ஷல் என்று இரண்டு டிரம் கலைஞர்கள். கதை ஓட ஓட அவர்கள் அவசரப்படாமல், குதிரை நடை மாறாமல் இழுத்துப் பிடிக்கிறார்கள். பேச்சு தறிகெட்டுப் போகாமல் இருப்பது அதனால்தான்.

அடுத்த முறை கேட்கும்போது ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். போட்டியில் முதலில் வாசிப்பவன் சாத்தான். வில்லுக்கு ரோசின் தடவும்போதே விரல் நுனியில் தீப்பொறி பறக்கிறது என்கிறது கதை. வில் தந்தியில் பட்டதும் வருவது ஸ்வரமல்ல, ஒரு சீறல். உடனே சார்லஸ் ஹேவர்டின் பேஸ் கிடார் கீழே இருந்து துள்ளிக்கொண்டு வருகிறது, பேய்களின் பக்கவாத்தியம்! அதன்மேல் பிடில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவாகியிருக்கிறது. தந்தியைச் சுரண்டுகிறது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது, கிறீச்சிடுகிறது. இந்தப் பகுதி வெறும் புகைதான், உள்ளே சரக்கில்லை என்பது டேனியல்ஸின் கட்சி. சோதித்துப் பாருங்கள்: கேட்டு முடித்ததும் அதை முணுமுணுக்க முயன்றால் வராது. பிடித்துக்கொள்ள ஒரு மெட்டே அதில் கிடையாது. ஆனால் கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

ஜானியின் முறை வந்ததும் இறுக்கம் விலகி வெளிச்சம் அடிக்கிறது. அவன் பதிலில் பாதி வாய்ப்பாட்டு: தென்மாநிலத்துப் பழைய பிடில் மெட்டுகளின் பெயர்களும், நடனக் களத்தில் கூவும் துண்டு வாசகங்களும் அடுக்கடுக்காக வந்து விழுகின்றன. பொருள் தேடிக் குழம்ப வேண்டாம். அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர்களே ஒரு நடன ராத்திரியைக் கண்முன் கொண்டுவந்துவிடும். வரிகளுக்கு நடுவில் பாயும் பிடிலைக் கவனியுங்கள். நம் கச்சேரி மேடையில் உட்கார்ந்திருக்கும் அதே வயலின்தான், ஆனால் இங்கே கமகத்துக்கு வேலையில்லை. இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பதும், வில்லைக் குட்டை குட்டையாக முன்னும் பின்னும் வெட்டுவதும்தான் வித்தை. அந்நாட்களில் மேடையில் டேனியல்ஸ் வாசித்து முடிக்கும்போது வில்லின் முடிகள் அறுந்து காற்றில் ஆடின.

எனக்கு இதில் தோன்றும் ஒன்று: 1979 டிஸ்கோவின் காலம். அந்த ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்க்கும் அளவுக்கு அதன்மேல் ஆத்திரமும் இருந்தது. சாத்தானின் அந்தத் துள்ளும் பேஸ், நகரத்து நடன அரங்குகளில் அப்போது அதிர்ந்துகொண்டிருந்த ஓசைக்கு ரொம்பவும் நெருக்கம். ஜானி வாசிப்பதோ பாட்டன் காலத்து மெட்டு. குழுவினர் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி வைத்துக் கேட்டால் பந்தயம் இரண்டு ஆட்களுக்கு நடுவில் இல்லை, இரண்டு ஊர்களுக்கு நடுவில் நடப்பதாகப் படும்.

தீர்ப்பைக் கவனித்தீர்களா? இந்தப் போட்டிக்கு நடுவரே கிடையாது. சாத்தானே தலைகுனிந்து தங்கப் பிடிலைக் கீழே வைத்துவிடுகிறான். பொய்க்குப் பேர்போனவன் அவ்வளவு சுலபமாகவா தோல்வியை ஒப்புக்கொள்வான்? ஜெயித்த ஜானியோ அடங்குவதாக இல்லை. வேண்டுமானால் திரும்பி வந்து பார் என்று ஒரு வசவோடு சவால் விடுகிறான். (ஆல்பத்தில் நிஜ வசவு, வானொலிக்குப் பதமாக்கிய வடிவம். வசவுள்ளதையே கேளுங்கள், பையனின் திமிர் அதில்தான் இருக்கிறது.) அகந்தையைத் தலையாய பாவமாகச் சொல்லும் கிறிஸ்தவ மண்ணில், அந்தத் திமிருக்குப் பிறகு ஆன்மா யார் கையில் என்று கேட்கலாம். அந்தச் சவாலின் தொடர்ச்சியாக 1993-இல் பிடில் கலைஞர் மார்க் ஓகானரின் ஆல்பத்தில் இன்னொரு பாட்டே வந்தது; ஜானி கேஷ் கதை சொல்ல, டிராவிஸ் டிரிட் சாத்தான், மார்ட்டி ஸ்டூவர்ட் ஜானி. பிடிலுக்கு டேனியல்ஸும் உண்டு. திறமை நிறைய, திகில் குறைவு. ஒருமுறை கேட்டால் போதும்.

அதைவிட முக்கியமாகத் தேடிக் கேட்க வேண்டியது, பிடில் கலைஞர் வாஸர் கிளெமென்ட்ஸின் ‘லோன்சம் ஃபிடில் ப்ளூஸ்’. ஜார்ஜியா பாட்டின் அடிப்படை மெட்டு அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பதிவில் டேனியல்ஸ் கிடார் வாசித்தார். பிற்பாடு மெட்டை ஒரு ஸ்தாயி உயர்த்தித் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். கிளெமென்ட்ஸ் கையில் நிதானமாகத் தாழ நடப்பது இங்கே ஏன் இவ்வளவு பதற்றமாக ஒலிக்கிறது என்பது, இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் பிடிபடும்.

பிறகு போட்டிக்குத் திரும்பி, கதை சொல்லும் தீர்ப்பை மறந்துவிட்டு இரண்டு வாசிப்புகளை மட்டும் கேட்டு உங்கள் ஓட்டைப் போடுங்கள். டேனியல்ஸ் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார், இருந்தாலும் என் ஓட்டு சாத்தானுக்குத்தான். அந்த பேஸ் கிடாரை அவன் பக்கம் கொடுத்திருக்கக் கூடாது.