மாமோன் எங்கே போனான்?

விக்கிரகம் என்று சொன்னதும் ஒரு தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவருக்கு என்ன ஞாபகம் வரும்? பக்கத்துத் தெருப் பிள்ளையார். கொஞ்சம் தீவிரமானவர் என்றால் கத்தோலிக்கக் கோயிலின் மாதா சுரூபமும் சேர்ந்துகொள்ளும். எப்படிப் பார்த்தாலும் அது அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம். நம்ம வீட்டு பீரோ ஞாபகத்துக்கு வர்றதே இல்லை. பிரசங்கிகள் மட்டும் இதற்குக் காரணமில்லை, மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

மத்தேயு 6:24-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு எஜமான்களைப் பற்றிய வசனம். கிரேக்க மூலத்தில் ஒரு பக்கம் தேவன், எதிர்ப்பக்கம் 'மாமோன்'. இது கிரேக்கச் சொல்லே இல்லை, சொத்து அல்லது செல்வம் என்று பொருள்படும் அரமேயச் சொல். கிரேக்கத்தில் செல்வத்துக்குச் சொல் பஞ்சமில்லை. ஆனாலும் சுவிசேஷகர் இதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டார். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 4 இடங்களில் இது வருகிறது, மற்ற மூன்றும் லூக்கா 16-ல். லூத்தரின் ஜெர்மனும் பழைய ஆங்கில வேதாகமமும் இந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டன. பவர் ஐயர் குழுவின் 1871 தமிழ் மொழிபெயர்ப்போ 'உலகப்பொருள்' என்றது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'செல்வம்'.

அகராதிப்படி இரண்டும் சரிதான். மாமோன் என்று ஒரு சாமிக்கு அந்தக் காலத்தில் கோயில் இருந்ததாக நினைக்க வேண்டாம், அவனைப் பேயாக வரைந்ததெல்லாம் பிற்காலத்துக் கற்பனை. ஆனால் மூலத்தில் அந்தச் சொல் நிற்கிற இடம் ஒரு எஜமானின் இடம். கடவுளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனின் இடம். 'உலகப்பொருள்' என்றதும் ஆள் போய்விட்டான், சாமான் மட்டும் மிஞ்சியது. அதுவும் எந்தச் சாமான்? பிரசங்க மேடையில் 'உலகம்' என்றால் சினிமா, பூ, நகை. ஆக வசனத்தின் அடி பணத்தின் மேல் விழாமல் கம்மல் மேல் விழுகிறது! நகை அணியாத சபைகளிலும் கல்யாணப் பேச்சில் நகைக்கு ஈடாக ரொக்கம் எவ்வளவு என்று கேட்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாத விஷயமா?

இன்னொரு சொல் இதைவிட வில்லங்கமானது. அதே வசனத்தில் வரும் 'ஊழியம்'. கிரேக்க வினைச்சொல்லுக்கு அடிமையாக வேலை செய்வது என்று பொருள். 1871-ல் 'ஊழியம்' அந்தக் கனத்தைத் தாங்கியிருக்கும். இன்றைக்கு ஊழியம் என்றால் போதகர் வேலை, ஊழியர் என்றால் மேடையில் நிற்பவர். கேட்கிறவர் மனசுக்குள், 'நான் எங்கே பணத்துக்கு ஊழியம் செய்றேன், நான் ஊழியக்காரனே இல்லையே' என்று சுலபமாகத் தப்பித்துவிடலாம்.

பவுல் இந்தத் தப்பிக்கும் வழியை அடைத்திருக்கிறார். கொலோசெயர் 3:5-ல் பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார். லூத்தரும் 1529-ல் வந்த தம் பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போது இதே திசையில்தான் போனார்: மனசு எதைப் பிடித்துத் தொங்குகிறதோ அதுதான் ஒருவனுக்கு தேவன், உலகத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் விக்கிரகம் பணமே. அந்த லூத்தரின் சபையிலிருந்து 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்கு. 1713-ல் அங்கே அச்சான 'அக்கியானம்' என்ற சிறுநூல் தமிழர்களின் விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கிறது. (தமிழ் நூல்களை அக்கறையோடு படித்தவர் அவர், அது தனிக் கதை.) லூத்தர் உள்ளே திருப்பிய விரல் இங்கே வெளியே திரும்பியது. புதிதாக மதம் மாறியவர்களுக்கு அன்று அந்த எல்லைக்கோடு தேவைப்பட்டிருக்கலாம். நான்காம், ஐந்தாம் தலைமுறையிலும் அதே கோட்டைத்தானே அழுத்தி அழுத்தி வரைந்துகொண்டிருக்கிறோம்?

வெளியே இருப்பதை மட்டும் தேடுகிறவர்கள் 2 இராஜாக்கள் 18:4-ஐக் கவனமாக வாசிக்க வேண்டும். எசேக்கியா ராஜா தோப்புகளையும் சிலைகளையும் அழித்ததோடு நிற்கவில்லை, மோசே செய்த வெண்கல சர்ப்பத்தையும் உடைத்தார். அது பாகால் கோயிலிலிருந்து வந்ததல்ல. எண்ணாகமம் 21-ல் கர்த்தரே செய்யச் சொன்னது, பாம்பு கடித்தவர்களைப் பிழைக்க வைத்தது. யோவான் 3-ல் இயேசு தம்மோடு ஒப்பிட்டுச் சொன்ன பொருளும் அதுதான். அப்படிப்பட்டதற்கும் ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கினபோது அது வெறும் வெண்கலத் துண்டு ஆகிவிட்டது. வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, ஜெபித்துக் கொடுக்கும் எண்ணெய், போஸ்டரில் இயேசுவைவிடப் பெரிதாகச் சிரிக்கும் போதகர் படம். இவற்றில் எதுவும் கோயில் சிலை அல்ல. சர்ப்பமும் அப்படி இல்லைதான்.

பக்கத்து வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைத் தொடலாமா என்று கேட்டால் நம் வீடுகளில் உடனே பதில் வரும். பவுல் அதற்கு 1 கொரிந்தியரில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் செலவழித்திருக்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், பிசாசுகளோடு ஐக்கியம் வேண்டாம் என்கிறார், கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், மற்றவன் மனச்சாட்சியைப் பார் என்கிறார். அவ்வளவு யோசனை நமக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகன் தேவை விளம்பரம் கொடுக்கும்போது சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறோமே, அதைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை. வரன் நல்ல இடமா என்று விசாரிக்கிற அந்த 'நல்ல'வில் எத்தனை பவுன் இருக்கிறது என்று யாரும் ஜெபக்கூட்டத்தில் கேட்டு நான் பார்த்ததில்லை.