பட்டியல் அளக்காத பெங்களூர்

உலகின் சிறந்த கோல்ஃப் பகுதிகள் என்று வெளிவரும் பட்டியல்களில் பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. ஸ்காட்லாந்து, கலிபோர்னியாவின் மான்டரே, மெல்போர்னின் சாண்ட்பெல்ட். மைதானத்தின் அமைப்பு, பராமரிப்பு, காட்சி அழகு ஆகியவற்றுக்கே மதிப்பெண். சுற்றுலாப் பயணிக்கு இது போதும், விளையாட்டுக்குப் போதாது. அந்த மண்ணில் யார் உருவானார்கள், உள்ளே நுழைய யாருக்கு வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ஒரு பகுதியை எடைபோட வேண்டும்.

பெங்களூரின் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்திலிருந்து தொம்லூர் பக்கம் சில கிலோமீட்டர் போனால் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழி மைதானம். கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் 5 வயதில் ஆடத் தொடங்கிய நகரம் இது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கியபோது உலகத் தரவரிசையில் அவருக்கு 200-வது இடம். தங்கம் வென்ற நெல்லி கோர்டாவின் டிரைவ் அவருடையதைவிட வெகு தூரம் சென்றது. அதனால் கிரீனை எட்டவே அதிதி நீளமான கிளப்பை எடுக்க வேண்டியிருந்தது. தூரத்தில் விட்டதைப் பட்டிங்கில் பிடித்தார். நான்கு சுற்று முடிவில் 15 அண்டர் பார், 4-வது இடம். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் கைநழுவியது.

அவருக்கும் முன்னால் சி. முனியப்பா. இதே பெங்களூரில் அடுத்தவர் பையைச் சுமந்த கேடி. 2009 இந்தியன் ஓபனில் கொரியாவின் லீ சங்கை பிளே-ஆஃபில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். வேலைக்கு வந்தவர் வேடிக்கை பார்த்தே ஆட்டத்தைக் கற்று தேசத்தின் பெரிய பட்டத்தை வெல்வது, எந்த மணல் பங்கருக்கும் கடற்கரைக் காட்சிக்கும் குறைந்த பெருமை அல்ல. பட்டியலில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

அதற்காக பெங்களூருக்கு முதலிடம் கேட்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊர் மக்கள் அங்கே உலாவுகிறார்கள். ஸ்காட்லாந்து முதலிடத்துக்குத் தகுதியானது என்றால் இந்தத் திறந்த மனதுக்காகத்தான். இங்கேயோ உறுப்பினர் அட்டை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கேடி வேலைதான் பெரும்பாலும் ஒரே வாசல். விவேக் நகர், ஈஜிபுரா பிள்ளைகளில் பலருக்கு அந்த மைதானம் வெறும் மதில்சுவர்.

1876-லிருந்து கோல்ஃப் கிளப் இருக்கும் நகரத்துக்கு இது அழகல்ல. வாரத்தில் ஒரு காலை, அக்கம்பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டிரைவிங் ரேஞ்சைத் திறந்துவிடுங்கள். பழைய கிளப்புகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொடுங்கள். அடுத்த முனியப்பா பை சுமக்காமலே ஆட வரட்டும். அப்போது பெங்களூரை எந்தப் பட்டியலிலும் உரிமையோடு முன்வைக்கலாம்.